நிழல் விழாத நெஞ்சு

ஜூன் 4, 2013, செவ்வாய்

புது எக்ஸ்ரே இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. இனி இருட்டறை வேண்டாம், டெவலப்பர் நாற்றம் வேண்டாம். படம் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பதினோரு வருடமாக நான் ஒருவன்தான் எக்ஸ்ரே டெக்னீசியன். என் விரல் நுனிகளில் இருக்கும் பழுப்புக் கறை இனியாவது போகுமா, பார்க்கலாம்.

ஸ்டோர் அறையில் கிடக்கும் பழைய ஃபிலிம்களை ஆண்டு வாரியாகப் பிரித்துக் கட்டி வைக்க உத்தரவு. ஃபிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்களாம். கரையான் தின்றது போக மிச்சம் எவ்வளவோ தெரியவில்லை. வேலை எதுவரை வந்தது என்று குறித்துக்கொள்ளத்தான் மருந்துக் கம்பெனி கொடுத்த இந்த டைரியை எடுத்தேன்.

இன்று 31 படங்கள். நெஞ்சு பதினான்கு, மற்றவை கை கால்.

நாகவேணிக்கு ஐந்து மாதம் முடிந்தது. ரத்தம் 10.2. கால் வீக்கம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

நெட்டேந்தலிலிருந்து மாரீஸ்வரி குழந்தையைக் கொண்டுவந்தாள். ஆண் குழந்தை, மூன்றரை மாதம், விடாத இருமல். நெட்டேந்தல் என் அம்மா பிறந்த ஊர். நாகவேணி என் தாய்மாமன் மகள், அவளுக்கும் அதுதான் ஊர். மாரீஸ்வரி எனக்குத் தங்கை முறை. அவளும் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள்.

குழந்தை தலையில் குல்லா. அதன் நாடா நெஞ்சில் தொங்கியது.

"குல்லாவைக் கழட்டும்மா. நாடா படத்துல விழும்."

"நாடாவ மேல தூக்கிக் கட்டிக்கிறேண்ணே. குல்லா கெடக்கட்டும்."

"ஒரு நிமிஷந்தான். கழட்டு."

கழற்றினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை. மழித்த தலையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இதில் அதுவும் இல்லை. முட்டை ஓடுபோல இருந்தது. புருவம் இல்லை, இமையில் மயிர் இல்லை. எக்ஸ்ரே மேசையில் கிடத்தினால் எல்லாக் குழந்தையும் வீறிடும். இது அழவில்லை. இமை மயிர் இல்லாததால் கண் சிமிட்டுகிறதா என்பதே தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இடது தோளுக்குக் கீழே துணிக் கட்டு. என்ன என்று கேட்டேன்.

"பொறந்தன்னைக்கிப் போட்ட ஊசிண்ணே. ஆறவே மாட்டேங்குது. ஊருல புடிச்ச எடம்ங்கிறாக."

"யார் பிடிச்ச இடம்?"

குழந்தையின் கைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

சின்னக் குழந்தைகளின் நெஞ்சுப் படத்தில் இதயத்துக்கு மேலே வெளுப்பாக, அகலமாக ஒரு நிழல் விழும். சிலருக்குப் பாய்மரம் விரித்ததுபோல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தைமஸ் என்ற சுரப்பி அது. புதிதாக வரும் டாக்டர்கள் சளி என்று ஏமாந்துபோவார்கள், நான்தான் சொல்லித் திருத்துவேன். இந்தக் குழந்தைக்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது. இதயம் தனியாக, கயிற்றில் தொங்குவதுபோல. கதிர் கூடிப்போயிருக்கும் என்று குறைத்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே.

வீட்டுக்குப் போனதும் நாகவேணி கேட்டாள். "மாரீஸ்வரி வந்திருந்தாளாமே. புள்ள தலையில முடி இருந்துச்சா மச்சான்?"

"இருந்துச்சு."

சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

ஜூன் 8, சனி

17 படங்கள். மின்வெட்டு இரண்டு முறை.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்டோர் அறையில் 2003 முதல் 2008 வரை பிரித்தாகிவிட்டது. குழந்தைப் படங்களைத் தனியாக வைத்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் அளவு சிறியது, கட்ட வசதி என்று சொல்லலாம்.

நெட்டேந்தல் என்று எழுதிய உறைகளில் மூன்று. 2004, 2006, 2008. மூன்று வெவ்வேறு தாய்மார்களின் பெயர். நான்கு மாதம், ஐந்து மாதம், நான்கரை மாதம். மூன்றையும் வெள்ளிக்கிழமை எடுத்த படத்தின் பிரதியையும் வியூ பாக்ஸில் வரிசையாகச் செருகி விளக்கைப் போட்டேன்.

இதை எழுதலாமா தெரியவில்லை. நான்கும் ஒரே குழந்தை. அதே மெலிந்த விலா, அதே தனித்த இதயம், இடது அக்குளில் அதே வீக்கம். ஒரே பிள்ளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு வேறு அம்மாக்களின் இடுப்பில் ஏறி வந்து, என் மேசையில் படுத்து, படம் எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. ஒரே ஊர், ஒரே ரத்தம், சாயல் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலும்புக்குச் சாயல் உண்டா?

உறைகளில் பெயர் எழுதுவது ஓ.பி. சீட்டு எழுதுகிறவர். 2009 கட்டில் ஓர் உறை மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை. கட்டோடு ஓரமாக வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

ஸ்டோர் அறைக்குப் போகவில்லை.

ஜூன் 15, சனி

மாரீஸ்வரி குழந்தை நேற்றுக் காலையில் பெரியாஸ்பத்திரியில் இறந்துவிட்டது. பிரைமரி காம்ப்ளக்ஸ் என்கிற பிள்ளைக் காசநோய், சளி முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நாகவேணி கேட்கவில்லை. இன்று நான் டியூட்டியிலிருந்து வந்தபோது ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"முடி இருந்துச்சுன்னீக."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"குல்லாவத் தூக்கிப் பாத்தேன் மச்சான். கையையும் பாத்தேன். நம்ம பயதான்."

"வேணி, அது மாரீஸ்வரி பிள்ளை."

"இப்பத்தான் அவகிட்டருந்து கெளம்பிட்டான்ல. அடுத்து எங்கிட்டத்தான் வருவான்." வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். அழவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 17, திங்கள்

குழந்தைகள் டாக்டர் ஃபௌசியா மேடம் மூன்று மாதத்துக்கு முன்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவர். சத்தம் போடாதவர். ஓ.பி. முடிந்ததும் நான்கு படங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். தைமஸ் நிழல் இல்லை என்று நான் சொல்வதற்கு முன்பே அவரே பார்த்துவிட்டார்.

"உடம்புக்கு ரொம்ப முடியலேன்னா தைமஸ் சுருங்கிடும் பூவலிங்கம். அதனாலதான் இதை யாரும் பெருசா எடுத்திருக்க மாட்டாங்க. முடி?"

"மாரீஸ்வரி குழந்தைக்குச் சுத்தமா இல்ல மேடம். புருவமும் இல்ல."

நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நெஞ்சுக்கூடு வரைந்து சொன்னார். நான் இங்கே எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸுக்குப் போய்த்தான் வேலை கற்கிறது. எது நம் உடம்பு, எது வெளியாள் என்று அங்கேதான் அதற்குத் தெரியும். தப்பாகக் கற்றதை அங்கேயே தீர்த்துவிடுவார்கள். நூறு உள்ளே போனால் இரண்டோ மூன்றோதான் தேறி வெளியே வரும். அந்தத் தைமஸை அமைக்க உத்தரவிடுவது ஒரு மரபணு. ஃபாக்ஸ் என் ஒன் என்று பெயராம். முடி வளரவும் அதே மரபணுவின் உத்தரவு வேண்டும். உத்தரவு இல்லை என்றால் தலையில் முடியும் இல்லை, நெஞ்சில் தைமஸும் இல்லை. வெள்ளணுக்கள் கற்க இடமில்லாமல் வீணாகப் போகும்.

"அப்பா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி இருக்கும். பிள்ளைக்கு ரெண்டு கெட்டதும் சேர்ந்து வந்தாத்தான் இப்படி. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிற ஊர்ல கூடுதலா வரும்."

"அந்தக் கைப்புண் மேடம்?"

"பி.சி.ஜி. ஊசி. காசநோய் வராம இருக்கப் போடுறது. அதுல இருக்கிறது பலம் குறைச்ச, ஆனா உயிரோட இருக்கிற கிருமி. மத்த எல்லாப் பிள்ளைக்கும் அது பாதுகாப்பு, போட்டே ஆகணும். இந்தப் பிள்ளைகளுக்குத் தடுக்க ஆள் இல்லையே. கையில ஆரம்பிச்சு உடம்பு முழுக்கப் பரவிடும்." படங்களை எண்ணினார். "நெட்டேந்தல்ல இந்த நாலுதானா? வேற இருக்கா?"

"இல்ல மேடம்."

இன்று 26 படங்கள்.

தூக்கிக்கொண்டு போனது பத்தாம் நாள் என்று நினைக்கிறேன். வெயில் அதிகம். குடை பிடித்திருந்தேன்.

ஜூன் 26, புதன்

மேடமும் நானும் ஆஸ்பத்திரி ஜீப்பில் நெட்டேந்தல் போனோம். மாரீஸ்வரியும் அவள் புருஷனும் ரத்தம் கொடுத்தார்கள். சென்னையில் மேடத்துக்குத் தெரிந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஊரில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. மொட்டைப் பிள்ளை என்றதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னார் வீட்டில், இன்ன வருடம் என்று கணக்குச் சொன்னார்கள். என் முகத்துக்காக ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். மேடம் பதினொன்று வரை எழுதினார்.

"பதினொண்ணு இல்லங்கம்மா, ஒண்ணுதான்," என்றாள் சோலை. நாகவேணியின் பெரியப்பா மகள், அவளும் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன், நான்கு முடிந்துவிட்டதாம். மடியில் அவளுடைய ஆறு வயது மகள், இடுப்பு வரை ஜடை. "ஒரே புள்ளதான் மாத்தி மாத்தி வருது. வர்றப்ப எடது கையப் புடிச்சித்தான் இழுத்துட்டு வருவாகளாம். அந்த எடந்தான் புண்ணாகுது. ஒரு வீட்டுலயும் ஆறு மாசம் தங்காது."

"யாரு இழுத்துட்டு வர்றது?"

"அது யாருக்குங்கம்மா தெரியும்."

கிராம நர்ஸ் கிரேஸ் சிஸ்டரிடம் ஊரில் கர்ப்பமாக இருக்கிறவர்களின் பட்டியலை மேடம் கேட்டு வாங்கினார். நான்கு பேர். பிறக்கும் குழந்தைக்கு முடி இல்லையென்றால் ஊசி போடாமல் உடனே தனக்குப் போன் செய்யச் சொன்னார். சோலையின் பெயர் பட்டியலில் மூன்றாவது.

பட்டியலில் இல்லாத ஒரு பெயரை நான் சொல்லவில்லை. நாகவேணி இப்போது நெட்டேந்தலில் குடியிருக்கவில்லையே.

திரும்பும் வழியில் மேடம் அந்தப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை தாண்டியதும், "பதினோரு பேருக்கு ஒரே முகம்னா அந்த ஊர் வேற என்னதான் நினைக்கும்?" என்றார்.

ஜூலை 8, திங்கள்

நாகவேணி குல்லா தைக்கிறாள். ஐந்து முடித்துவிட்டாள். எல்லாம் ஒரே அளவு, சின்னத் தலைக்கு. பகல் முழுக்க மிஷின் சத்தம். அலமாரிப் பெட்டியைத் திறந்து பழைய துணிகளையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். நான்கு வருடமாகத் திறக்காத பெட்டி.

பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டாராம், வளைகாப்பு எப்போது என்று. "எதுக்கு டீச்சர், தெரிஞ்ச புள்ளதானே," என்று சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 11, வியாழன்

19 படங்கள். ஒரு இடுப்பெலும்பு முறிவு. கொடியில் குல்லாக்கள் ஏழு.

ஜூலை 19, வெள்ளி

2009 கட்டைப் பிரித்தேன்.

உறையில் நானே எழுதியது: மருது, த/பெ பூவலிங்கம், ஆண், 5 மாதம். அப்போது அவனுக்கு ஐந்து மாதம் ஐந்து நாள். படம் எடுத்த எட்டாம் நாள் போய்விட்டான்.

அவன் படத்தை எடுத்ததும் நான்தான். இருட்டறையில் கழுவித் தூக்கிப் பிடித்தபோதே அந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். பார்த்தேன். இன்றுவரை கதிர் கூடிவிட்டது என்றே சொல்லி வந்திருக்கிறேன். கதிர் கூடவில்லை. முதுகெலும்பு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவுதான் தெரிகிறது, சரியான படம். பதினோரு வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். என் பிள்ளைக்கு முடி முளைக்கவில்லை, நெஞ்சில் நிழல் இல்லை, ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

அவன் பிறந்த அன்று ஊசி மருந்து ஸ்டாக் இல்லை. விட்டுவிட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் பிள்ளைக்கு ஊசி போடாமல் இருக்கலாமா என்று, பத்தாம் நாள் வெயிலில் குடை பிடித்து நானேதான் தூக்கிக்கொண்டு போனேன். இடது கையை நானேதான் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜூலை 20, சனி

மேடத்திடம் ஐந்தாவது படத்தைக் கொடுத்தேன். அவர் உறையில் இருந்த பெயரைப் படித்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"வீட்டுல இப்போ..."

"ஏழாம் மாசம் மேடம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "நீங்க பிடிச்ச கையில போட்டது ஊசிதான் பூவலிங்கம். நாடு முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் போடுறதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "ரெண்டு பேரும் இன்னைக்கே ரத்தம் குடுங்க," என்றார்.

நாகவேணி மறுக்கவில்லை. ஊசி குத்தும்போது, "அவன் வர்றதுக்கு வழி பாக்குறீகளா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

மேடம் ஊசியை உருவினார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. மாரீஸ்வரி, அவள் புருஷன், நாகவேணி, நான். நான்கு பேரிடமும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை. நெட்டேந்தலுக்கு முதலில் குடிவந்த யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்கிறார் மேடம். ஒரே பிள்ளைதான் மாறி மாறி வருகிறது என்று சோலை சொன்னது நினைவுக்கு வந்தது. பிழை ஒன்றுதான், அது மட்டும் மாறி மாறி வருகிறது.

எட்டாம் மாதம் முடியப்போவதால் வயிற்றுப் பிள்ளைக்குச் சோதனை செய்தும் பயனில்லை, பிறந்ததும் பார்ப்போம் என்று முடிவானது. பிரசவ வார்டு கேஸ் ஷீட்டில் 'பி.சி.ஜி. போடக் கூடாது, டாக்டரைக் கேட்கவும்' என்று சிவப்பு மையில் மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நானும் போட்டேன். என் கையெழுத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. இருந்தாலும் போட்டேன்.

நாலில் மூன்று பங்கு நல்லபடியாக இருக்கும். இதை நாகவேணியிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

பழைய ஃபிலிம்கள் அனைத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நெட்டேந்தல் படங்களை மட்டும் மேடம் வைத்துக்கொண்டார். ஸ்டோர் அறை காலி. உள்ளே பேசினால் எதிரொலிக்கிறது.

நாகவேணி மதியம் முழுக்க வயிற்றோடு பேசுகிறாள். இன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். திட்டிக்கொண்டிருந்தாள். "அங்கங்க தங்கிட்டு வர்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று. கோபமே இல்லாத திட்டு.

அக்டோபர் 9, புதன்

பைபாஸில் வேன் கவிழ்ந்து பதினாறு பேர். எக்ஸ்ரே அறையை விட்டு நகர முடியவில்லை. நாகவேணியைக் காலை எட்டரைக்குப் பிரசவ வார்டில் விட்டேன். பத்து ஐம்பதுக்குப் பிள்ளை பிறந்ததாம். எனக்குத் தெரிந்தது பன்னிரண்டுக்கு. அதுவும் வார்டு சிஸ்டர் வந்து சண்டை போட்டதால்தான்.

"சார், உங்க சம்சாரம் என்னைக் கடிக்க வர்றாங்க!"

சிஸ்டர் புதுசு. மற்ற குழந்தைகளுக்குப் போட ஊசித் தட்டோடு வந்திருக்கிறார், கேஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. நாகவேணி பிள்ளையின் இடது கையைத் தன் கைக்குள் முழுதாகப் பொத்திக்கொண்டு, கிட்டே வந்தால் கடித்துவிடுவேன் என்றிருக்கிறாள். சிவப்பு மையைக் காட்டினேன். சிஸ்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகுதான் பிள்ளையைப் பார்த்தேன். பெண். தலை நிறைய முடி. கறுப்பாக, ஈரமாக, பிடரி வரை. நெற்றியிலும் தோளிலும்கூடப் பூனை மயிர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நாகவேணி ஒரு குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முடிக்குள் விரலை விட்டு மெல்ல மெல்லத் துழாவினாள், உள்ளே எதையோ தொலைத்ததுபோல.

"அப்ப அவன் எங்க மச்சான்?"

அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

என் மகளுக்கு நானே படம் எடுத்தேன். இதயத்துக்கு மேலே, இடது பக்கம் பாய்மரம் விரித்து நிற்கிறது தைமஸ். கம்ப்யூட்டரில் அளந்தேன். இன்னொரு முறை அளந்தேன். மேடம் பார்த்துவிட்டு, "போதும் பூவலிங்கம், ஆஃப் பண்ணுங்க," என்றார்.

மேசையில் அவள் போட்ட சத்தத்துக்கு வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அக்டோபர் 21, திங்கள்

மதுரையிலிருந்து மகளின் ரத்த ரிப்போர்ட் வந்தது. தேறி வெளியே வந்த அணுக்கள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பி.சி.ஜி. போட்டாயிற்று. நெட்டேந்தலிலிருந்து பட்டியலைக் கொடுக்க வந்த கிரேஸ் சிஸ்டர்தான் போட்டார். கையை நான் பிடித்தேன். என் பிடி இறுகியதைப் பார்த்து, "நீங்க வெளிய நில்லுங்கண்ணே," என்றார். நிற்கவில்லை.

நாகவேணி பால் கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், எல்லாம் சரியாகச் செய்கிறாள். பிள்ளையோடு பேசுவதில்லை. பெயர் என்ன வைக்கலாம் என்றால், "பாப்போம்," என்கிறாள். பிள்ளையை யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல வைத்திருக்கிறாள்.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்றுத் தீபாவளி. பட்டாசுச் சத்தத்துக்குப் பிள்ளை தூக்கிப்போட்டபோது நாகவேணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 18, திங்கள்

காலை ஆறே முக்காலுக்குக் கிரேஸ் சிஸ்டர் மேடத்துக்குப் போன் செய்திருக்கிறார். சோலைக்கு வீட்டிலேயே வலி வந்து, சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்தில் ஆண் குழந்தை. முடி இல்லை. புருவம் இல்லை. சிஸ்டர் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

எட்டரைக்குள் எங்களிடம் கொண்டுவந்துவிட்டார்கள். மேடம் தனி அறையைக் கழுவவைத்து, எல்லோருக்கும் முகமூடி கொடுத்து, ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விட்டார். இயந்திரத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன். பார்க்காமலே தெரியும். பார்த்தேன். வெறுமை.

சென்னையில் மேடம் மூன்று மாதமாகப் பேசி வைத்திருந்த இடம் தயாராக இருக்கிறது. சோலையின் மூத்த மகளுடைய மஜ்ஜை பொருந்தினால் அதை ஏற்றுவார்கள். அக்காவிடம் ஏற்கெனவே தேறிவந்த அணுக்கள் தம்பிக்குக் காவல் நிற்கும். எவ்வளவு நாள் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வெளிநாட்டில் ஓரிரு இடங்களில் தைமஸையே வைத்துத் தைக்கிறார்களாம், அதற்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். "ஆனா இந்தப் பிள்ளைக்குள்ள இன்னும் ஒரு கிருமியும் போகலை பூவலிங்கம். இந்தப் பதிமூணுல இதுதான் முதல் தடவை," என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததும் இதுதான் முதல் தடவை.

ஆம்புலன்ஸ் கிளம்பும் நேரத்தில் நாகவேணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். யார் சொன்னார்களோ தெரியாது. பிள்ளையை டீச்சரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே ஏற விடுவார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லைபோல. முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு கை தூரத்தில் நின்றாள்.

சோலை உள்ளிருந்து அவளைப் பார்த்தாள். துணியைக் கொஞ்சம் விலக்கிப் பிள்ளையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

பிறந்து சில மணி நேரமான குழந்தைக்கு அவ்வளவு தூரம் பார்வை எட்டாது. எனக்குத் தெரியும், மேடத்தைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். அது நாகவேணியைத்தான் பார்த்தது. மயிரில்லாத அந்த இமைகள் மூடவே இல்லை. இடது கை துணிக்கு வெளியே கிடந்தது, ஒரு கீறலும் இல்லாமல்.

நாகவேணி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து, மெதுவாக, "இந்தத் தடவ அவசரப்படாதடா," என்றாள்.

வண்டி கிளம்பியது. கேட்டைத் தாண்டி, வேப்ப மரத்தைத் தாண்டி, சைரன் சத்தம் பைபாஸ் பக்கம் தேயும்வரை அவள் அசையவில்லை. நான் கிட்டே போய் நின்றேன். அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

"பால் கட்டிருச்சு மச்சான். ஆட்டோவக் கூப்புடுங்க. அவ தேடுவா."

மகளைப் பற்றி அவள் தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை.